மூன்றாம் நாள் மாலை

விருந்தாளிகளின் கருத்துப் புத்தகத்தில், தங்க வந்திருந்த க்ளைவ் எழுதியிருந்ததைப் படித்ததும் போப்பிக்குக் காது சிவந்துவிட்டது.

"இது ஊரா, கொதிக்கும் பானையா? கடல் இருக்கிறது, குளிக்க விடமாட்டார்கள். முதலை, முதலை என்று எங்கும் பலகை. மூன்று நாளில் ஒரு பல்லிகூடக் கண்ணில் படவில்லை. சுத்த ஏமாற்று!"

"பல்லி பாக்கலையாமே! நம்ம கழிப்பறையில பச்சைத் தவளையே குடியிருக்கு!" என்று கத்தினாள் போப்பி.

"கத்தாதே. விருந்தாளி அப்படித்தான் எழுதுவாங்க," என்றார் அம்மா செவஸ்தி. டார்வின் நகருக்கு வெளியே, ஓடைக்கரையில், வண்டிவீட்டோடு வருபவர்கள் தங்கும் கேரவன் பூங்காவை அவர்தான் நடத்தினார்.

"பொய் எழுதினா விருந்தாளியா?"

தொலைபேசி மணி அடிக்கவே, அம்மா எடுக்கப் போனார்.

அன்று மாலை போப்பி ஓடைப் பக்கம் போனாள். மேட்டிலிருந்து பார்த்தவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. கீழே தண்ணீர் ஓரத்தில் க்ளைவ் உட்கார்ந்து மீன் கழுவிக்கொண்டிருந்தார். தலையையும் குடலையும் ஓடையிலேயே வீசினார். அவருடைய ஐந்து வயது மகன் ஆர்ச்சி பக்கத்தில் நின்று வாளியில் தண்ணீர் மொண்டான். நேற்றும் அங்கிருந்துதான் மீனோடு ஏறி வந்தார். முந்தாநாளும் அதே இடம்.

"அங்கிள்! மேல வாங்க! ஒரே இடத்துல தினமும் நிக்கக் கூடாது. முதலை கவனிச்சுட்டே இருக்கும்!"

"கவனிக்கட்டும். நான் அழகாத்தானே இருக்கேன்?" என்று சிரித்தார் அவர்.

"சிரிப்பா வருதா? ஆர்ச்சி தண்ணி ஓரத்துல நிக்கிறான்!"

"உங்க பலகையில எழுதினது போதாதா? நீயும் கூவணுமா?"

போப்பி ஓடிப்போய் அம்மாவை அழைத்து வந்தாள். அம்மா வந்து கண்டிப்பாகச் சொன்ன பிறகுதான் க்ளைவ் முணுமுணுத்தபடி மேலே ஏறினார். "உங்க ஊர்ல எல்லாத்துக்கும் பயம்," என்றார் போகும்போது.

இரவு படுத்த பிறகும் போப்பிக்குக் கோபம் ஆறவில்லை. அவரைத் திட்ட வேண்டிய வார்த்தைகளை வரிசையாக அடுக்கி வைத்துக்கொண்டாள்.

மறுநாள் காலை கடல் உள்வாங்கியதால் ஓடை நீர் வற்றியிருந்தது. போப்பி மேட்டிலேயே நின்று பார்த்தாள். சேற்றில் அகலமான பள்ளம் ஒன்று, பெரிய மூட்டையை இழுத்ததுபோல். இரண்டு பக்கமும் நகத் தடம். நடுவில் வாலின் கோடு. தண்ணீரிலிருந்து கிளம்பி, ஆர்ச்சி நின்ற இடம்வரை வந்து திரும்பியிருந்தது.

அடுக்கி வைத்திருந்த வார்த்தைகள் எல்லாம் மறந்துபோயின. க்ளைவின் கேரவனுக்கு ஓடிக் கதவைத் தட்டினாள்.

"அங்கிள், ஒண்ணும் பேச வேண்டாம். வந்து பாருங்க. மேட்டுல நின்னே பாக்கலாம்."

க்ளைவ் பார்த்தார். பள்ளத்துக்குப் பக்கத்தில் சின்னக் காலடிகள் இருந்தன. அவர் ஆர்ச்சியின் கையை இறுகப் பற்றினார்.

"அப்பா, வலிக்குது!" என்றான் அவன்.

அம்மா சொல்லி வனக்காவலர் டெல்மா வந்தார். தடத்தைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார்.

"மீன் தலை கிடைக்குற இடம்னு அதுக்குத் தெரிஞ்சுபோச்சு. கூண்டு வச்சுப் பிடிக்கணும்."

"அநியாயம்!" போப்பி காலால் தரையை உதைத்தாள். "சாப்பாடு போட்டுக் கூப்பிட்டது இவர். கூண்டுக்குப் போறது அதுவா?"

க்ளைவ் தொப்பியைக் கழற்றினார்.

"அவ சொல்றது சரிதான். வேற வழி இல்லையா?"

டெல்மா யோசித்தார். "ஒரு துண்டு மீன்கூடத் தண்ணியில விழக் கூடாது. யாரும் கரைக்கு இறங்கவும் கூடாது. அஞ்சு நாள் பாக்கறேன். அதுவா போயிட்டா சரி. இல்லேன்னா கூண்டுதான்."

போப்பி அன்றே மூடி போட்ட பெரிய தொட்டி ஒன்றை மேட்டின் மேலிருந்த மீன் கழுவும் மேடைக்கு அருகே உருட்டி வந்தாள். கழுவ வந்த ஒவ்வொருவரிடமும் கழிவைக் கேட்டு வாங்கினாள். க்ளைவ் ஓடைக்குப் போகும் பாதையில் கயிறு கட்டி, உச்சி வெயிலில் வியர்த்து வழிய நின்று எல்லாரையும் திருப்பி அனுப்பினார். சிலர் அவரைக் கேலி செய்தார்கள். அவர் நகரவில்லை.

ஐந்தாம் நாள் காலை டெல்மா தொலைநோக்கியில் ஓடை முழுவதும் பார்த்தார். சேறு வழுவழுவென்று இருந்தது. நண்டுகள் மட்டும் ஓடித் திரிந்தன.

"போயிடுச்சு. கூண்டு வேண்டாம்," என்றார்.

ஆர்ச்சியின் முகம் வாடிவிட்டது. "என்கிட்ட சொல்லாமலே போயிடுச்சா?"

"ஆமாம்டா," என்றாள் போப்பி, ஐந்து நாளில் முதல்முறையாகச் சிரித்தபடி. "அதுதான் புத்தியுள்ள முதலை!"