அப்பா சாய்ந்த சுவர்

வாசலில் சும்மா இருந்த கதிர்வீச்சு அளவுக் கருவி, ரெனிட்டா அதைக் கூடத்துக்குள் கொண்டுவந்ததும் பல்லி மாதிரி ஒருமுறை 'டிக்' என்றது. கதவில் அரசாங்கத்தின் பச்சை ஸ்டிக்கர் இருந்தது. சுத்தமான வீடு. டிக் என்று சொல்லக் கூடாது.

அவள் செருப்பைக் கழற்ற மறந்து நின்றாள்.

தி. நகரில் கதிர்வீச்சுக் குண்டு வெடித்து ஏழு மாதம் ஆகிறது. துணி எடுக்கப் போன அப்பா பவுல்சாமி, தலையெல்லாம் தூசியோடு சாந்தோம் வரை நடந்தே வந்து, நாற்காலியில் உட்கார்ந்து, சுவரில் தலை சாய்த்துத் தண்ணீர் கேட்டார். அடுத்த வாரம் இறந்துபோனார். உடலைத் தரவில்லை, ஈயப்பெட்டியில் வைத்து எங்கோ புதைத்துவிட்டார்கள். தெருவையே காலி செய்து முகாமுக்கு அனுப்பி, வீடு வீடாகக் கழுவி, சுவரைச் சுரண்டி, புதிதாகப் பூசி, வீட்டுக்கொரு அளவுக் கருவியும் கொடுத்துத் திரும்ப அனுப்பினார்கள். அம்மா பிரிஸில்லா வந்து ஒரு மாதம். வேளச்சேரியில் வேலை பார்க்கும் ரெனிட்டாவுக்கு இன்றுதான் லீவு கிடைத்தது.

புதுச் சுண்ணாம்பு வாசனைக்கு அடியில் இன்னொரு வாசனை இருந்தது. செம்பருத்தி போட்டுக் காய்ச்சிய தேங்காய் எண்ணெய். அப்பாவின் தலை வாசனை. அது வந்த பக்கம் கருவியை நீட்ட நீட்ட, டிக் டிக் என்று வேகம் கூடியது. நாற்காலிக்குப் பின்னால் மாதா படம் போட்ட காலண்டர். தூக்கிப் பார்த்தாள். சுவரில் வருஷக்கணக்கில் அப்பா தலை வைத்துப் பதிந்த எண்ணெய்க் கறை, அப்படியே இருந்தது.

சுத்தம் செய்த செந்தில்குமாருக்கு போன் போட்டாள்.

"அந்த ஒரு சுவத்த மட்டும் உங்கம்மா முகாம்லருந்து ஓடியாந்து தொட வுடலக்கா. கால புட்ச்சிக்கினு அழுவுது. நான் இன்னா பண்றது? காலண்டர மாட்டிட்டேன்."

"அளக்க வந்தவர்?"

"நடு ஹால்ல நின்னு அளந்துட்டு ஸ்டிக்கர் ஒட்டிட்டாரு. அம்மாவ அங்க குந்த வுடாதக்கா. காலைல ஆளோட வரேன்."

விரல் தெரியாமல் கறையில் பட்டது. ஈரம். ஏழு மாதம் காயாத ஈரம். வெதுவெதுப்பாக இருந்தது, காய்ச்சல்காரன் நெற்றி மாதிரி.

கோயில் மணி அடித்தது. அம்மா முக்காடு போட்டு, ஜெபமாலையோடு வந்து அந்த நாற்காலியில் உட்கார்ந்தாள். தலையைச் சரியாகக் கறையில் சாய்த்தாள். மெலிந்திருந்தாள். உதடு வெடித்திருந்தது.

"அம்மா, எந்திரி. இது கத்துது பாரு."

"கத்தட்டும். உங்கப்பா குறட்டைய விடவா?"

"இப்பவே வேளச்சேரிக்குப் போயிடலாம்மா."

"அவரத் தனியா விட்டுட்டா? கல்லறையும் குடுக்கல. இதையும் சொரண்டிட்டா நான் எங்கடி போய் அழுவேன்?"

டிக்குகள் ஒட்டிக்கொண்டன. ஒரே நீளச் சத்தம்.

"மெதுவா பேசு," என்றாள் அம்மா. "இப்பதான் தூங்கினாரு."

ரெனிட்டா கருவியை அணைத்தாள். சத்தம் நின்றது. வேறு ஒன்று கேட்டது. சுவருக்குள். இழுத்து, விட்டு. இழுத்து, விட்டு.

அம்மாவின் தோளைப் பிடித்து இழுத்தாள். முக்காடு நழுவியது. அம்மா எடை இல்லாமல் வந்தாள். முடி வரவில்லை.

வெறும் தலையோடு அம்மா அவள் மடியில் விழுந்து கிடந்தாள். சுவரில், கறைமேல், அம்மாவின் நரைத்த கூந்தல் மொத்தமும் ஒட்டித் தொங்கியது. காற்று இல்லை. ஃபேன் ஓடவில்லை.

கூந்தல் மெல்லப் பிரிந்தது. ஐந்து வகிடாக. மேலிருந்து கீழே.

யாரோ கோதிவிடுவதுபோல.