வெள்ளைத் துணிச் சுவர்

தைத்துக்கொண்டிருந்த துணியின் நடுவில் ஒரு மரச்சுருள் கிடந்தது.

மார்லிஸ் அதை இரண்டு விரல்களால் எடுத்து விளக்குக்கு அடியில் பிடித்தாள். தேவதாரு. இளஞ்சிவப்பாய், ஈரம் காயாமல், இப்போதுதான் உளியின் வாயிலிருந்து சுருண்டு விழுந்ததுபோல் இருந்தது. மூக்கருகே கொண்டுபோகவே வேண்டியதில்லை. கல்யாணமான நாளிலிருந்து அவள் கணவன் ஓரினின் சட்டையிலும் தலைமுடியிலும் தலையணை உறையிலும் இருந்த வாசனை அது. ஆனால் இந்த நிலவறையில் யாரும் உளியைத் தொட்டு ஒரு பனிக்காலம் பாதி கழிந்துவிட்டது. ஓரின் செதுக்கிய மரவாத்துகள், இலையுதிர் காலத்தில் ஏரியில் மிதக்கவிட்டு நிஜ வாத்துகளை ஏமாற்றி இறங்கவைக்கிற கண்ணாடிக்கண் வாத்துகள், மொத்தமும் பெட்டி பெட்டியாக தேவாலயத்து விற்பனைக்குப் போய்விட்டன. பட்டறை மேசையைக் கழற்றியாயிற்று. தரையை வினிகர் கலந்த தண்ணீரால் தேய்த்துக் கழுவி, சுவர்களுக்கு வெள்ளையடித்து, மாடியின் சின்ன அறையில் நெருக்கிக்கொண்டு கிடந்த தையல் மெஷினையும் இஸ்திரி மேசையையும் துணி அலமாரியையும் இறக்கி வைத்தாயிற்று. இனி இது அவளுடைய தையல் கூடம்.

"எங்கயாவது இடுக்குல இருந்திருக்கும்மா," என்றாள் ஜனெல், ஏணியில் நின்றபடி. மினியாபொலிஸிலிருந்து வார இறுதிகளில் காரோட்டி வந்து இந்த வேலையையெல்லாம் செய்துகொடுத்தவள் மகள்தான். "எத்தனை வருஷத்துத் தூசி. ஒரே நாள்ல போயிடுமா?"

"ஈரமா இருக்கு."

"நிலவறைன்னா ஈரமாத்தான் இருக்கும். நீ சும்மா இரு. அப்பா கோவிச்சுக்குவார்னு பயப்படறியா? அவர் இனிமே இந்தப் படி இறங்கப்போறதில்லம்மா. நீயும் எத்தனை வருஷமா இந்த இடத்தைக் கேட்டுட்டே இருந்த."

கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். அதுதான் கஷ்டம்.

ஜனெல் அன்று கடைசியாக முடித்தது நீளச் சுவரை. தெர்மாகோல் பலகைகளை அடித்து, அவற்றின்மேல் தரையிலிருந்து கூரைவரை வெள்ளை ஃபிளானல் துணியை இழுத்துக் கட்டினாள். ஒட்டுப்போர்வை தைக்கிறவர்கள் ஆசைப்படுகிற சுவர் அது. வெட்டிய துணித்துண்டுகளை வைத்தால் ஊசியோ பசையோ இல்லாமல் துணியோடு துணி பிடித்துக்கொள்ளும். தள்ளி நின்று பார்த்து, சிவப்பை அங்கே நீலத்தை இங்கே என்று மாற்றி, மனசு நிறைந்த பிறகு தைக்கலாம். சுவரின் அடியோரமாக ஓடி மாடி அறைகளுக்கு ஏறுகிற வெந்நீர்க் குழாயும் பலகைக்குப் பின்னால் மறைந்துபோயிற்று.

அதை மறைக்கச் சொன்னது மார்லிஸ்தான்.

மறுநாள் பராமரிப்பு இல்லத்துக்குப் போனாள். ஓரின் ஜன்னலோரக் கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். வாதம் அடித்ததில் வலப்பக்கம் முழுக்கப் போயிருந்தது. வாயின் ஒரு ஓரம், மெழுகு உருகி இறங்கியதுபோல், தாடையை நோக்கி வழிந்து நின்றது. கண்கள் மட்டும் பழைய கண்கள். அவள் கோட்டைக் கழற்றுவதை, கையுறையைப் பைக்குள் வைப்பதை, நாற்காலியை இழுப்பதை எல்லாம் பார்த்துக்கொண்டே இருந்தன. இடக்கை மடித்த துண்டு ஒன்றின்மேல் கிடந்தது. விரல்கள் அந்தத் துண்டைத் தட்டின. சத்தமே இல்லை.

"அது நான் வெச்சது," என்றாள் அவனைப் பார்த்துக்கொள்ளும் ஹோதான் என்கிற பணிப்பெண், தலைத்துணியைச் சரிசெய்துகொண்டே. "ஐயா பகல் பூரா கட்டில் கம்பியத் தட்டிக்கிட்டே இருந்தாரும்மா. பக்கத்து ரூம் அம்மா ஒரே சண்டை. அதான் துண்டை மடிச்சுக் கைக்கு அடியில வெச்சேன். தப்பில்லையே?"

"தப்பில்ல."

"உங்களுக்கு ஒரு நல்ல சேதி இருக்கு. பேச்சுப் பயிற்சி குடுக்கிற டீச்சர் சொன்னாங்க, உதடு அசையுதாம். என்னமோ ஒரு வார்த்தையைப் பிடிக்கப் பார்க்கிறாராம். சீக்கிரமே வந்துடும்னாங்க. முதல் வார்த்தை உங்க பேராத்தான் இருக்கும், பாருங்க!"

மார்லிஸ் சிரித்தாள். சிரிக்க வேண்டும் என்று தெரிந்திருந்ததால் சிரித்தாள். உள்ளே எழுந்தது சந்தோஷம் இல்லை என்று அவளுக்கு உடனே தெரிந்தது. தெரிந்ததும் கட்டிலில் கிடந்தவனின் முகத்தைப் பார்க்க முடியாமல், ஜன்னலுக்கு வெளியே பனி மூடிக் கிடந்த கார்களைப் பார்த்தாள்.

அவளுடைய காரையும் பனி மூடியிருந்தது. சுரண்டியெடுத்துவிட்டு வீடு திரும்பினாள். சாயங்காலமாவதற்கு முன்பே இருட்டிவிடுகிற ஜனவரி. நேராக நிலவறைக்கு இறங்கி எல்லா விளக்குகளையும் போட்டாள். இஸ்திரிப்பெட்டி சூடேறும் வாசனை, புதுச் சுண்ணாம்பின் வாசனை, பருத்தித் துணியின் கஞ்சி வாசனை, எல்லாவற்றுக்கும் அடியில் யாரோ மூச்சுவிட்டால் வருகிற மாதிரி இளஞ்சூடாய், விட்டுவிட்டு, தேவதாரு. மூலையில் கொதிகலன் உறுமி நின்றது. அலமாரி மரம் குளிருக்கு முறுக்கிக்கொண்டு ஒருமுறை சொடுக்கியது. அவள் மெஷினின் மிதியில் கால் வைக்கப் போனபோது வெள்ளைத் துணிச் சுவரின் அடியிலிருந்து, பலகைக்குப் பின்னாலிருந்து, குழாயில் தட்டும் சத்தம் கேட்டது.

டக். டக்.

குழாயில் வெந்நீர் ஏறினால் அப்படித்தான் தட்டும் என்று சொல்லிக்கொண்டாள்.

டக்.

வெந்நீர் இப்படித் தட்டாது. இது தேடித் தேடித் தட்டியது. அவளுக்கு இந்தத் தட்டல் தெரியும். முன்பே கேட்டிருக்கிறாள்.

அக்டோபரில். அன்று காலையிலேயே சண்டை. கண்பார்வை போய்க்கொண்டிருக்கிறது, மாடி அறையில் வெளிச்சமே இல்லை, நிலவறையில் பாதியையாவது கொடு என்று அவள் கேட்டாள். "நான் செத்ததுக்கு அப்புறம் முழுசா எடுத்துக்கோ" என்று ஓரின் சொல்லிவிட்டு, கையில் காப்பிக் குவளையோடு சிரித்துக்கொண்டே கீழே போனான். அவள் மாடியில் தைக்க உட்கார்ந்தாள். கொஞ்ச நேரத்தில் குழாய் தட்டியது. அவனுக்குக் காப்பி வேண்டுமென்றால் கீழேயிருந்து குழாயைத் தட்டுவான், அது மாடிவரைக்கும் கேட்கும். அந்தப் பழக்கம் அவளுக்குப் பிடித்ததே இல்லை. தட்டட்டும் என்று மிதியை அழுத்தினாள்.

அந்தக் கோபம்கூடப் பரவாயில்லை. எந்த மனைவிக்கும் வரும். ஆனால் தட்டல் நிற்கவில்லை. தாளம் தப்பியது, இழுத்தது, நடுவில் நின்று நின்று மறுபடி தொடங்கியது. ஒரு கட்டத்தில், துணியைத் திருப்ப மெஷினை நிறுத்தியபோது, இது காப்பிக்கு இல்லை என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. நன்றாகவே தெரிந்தது. கை துணியின்மேல் அப்படியே நின்றது. பிறகு காலை மிதியில் வைத்து, அடிவரை அழுத்தி, போர்வையின் நான்கு ஓரத்தையும் தைத்து முடித்தாள். முடித்தபோது வீடு அமைதியாக இருந்தது.

இறங்கிப் போனபோது அவன் மரச்சுருள்களுக்கு நடுவே, குழாயோரம் கன்னம் பதிய, கண் திறந்து கிடந்தான். கையில் பாதி செதுக்கிய வாத்துத் தலை. கொஞ்சம் முன்னால் கொண்டு வந்திருந்தால் பேச்சாவது மிஞ்சியிருக்கும் என்றார் டாக்டர். கடைக்குப் போயிருந்தேன் என்றாள் மார்லிஸ். ஜனெல் அம்மாவைக் கட்டிப்பிடித்து, உன் தப்பில்லம்மா, உன் தப்பே இல்ல என்று அழுதாள்.

டக். டக். டக்.

மார்லிஸ் விளக்குகளை அணைக்காமலேயே மேலே ஓடினாள்.

அதற்குப் பிறகும் இறங்கத்தான் வேண்டியிருந்தது. தேவாலயத் தையல் குழுவை நடத்துகிற ஆர்டிஸ், சனிக்கிழமை மதியம் எல்லாரும் புதுக் கூடத்தைப் பார்க்க வருகிறோம் என்று சொல்லிவிட்டாள். போனில் அவள் குரல் சமையலறை முழுவதும் கேட்டது. "அடியே, கொடுத்து வெச்சவடி நீ! எங்க வீட்டுக்காரர் மீன்பிடி தூண்டிலை எடுத்து வைக்கவே விடமாட்டேங்கிறாரு, நீ முழு நிலவறையையும் சுருட்டிட்டியே!" சொன்னதும் குரல் தணிந்தது. "ஐயோ, ஓரின் அப்படிக் கிடக்கும்போது இப்படிச் சொல்லிட்டேனே. தப்பா எடுத்துக்காதடி."

"இல்ல ஆர்டிஸ். நீ சொன்னது சரிதான்," என்றாள் மார்லிஸ்.

சனிக்கிழமை ஜனெல் மேலே காப்பி வடித்துக்கொண்டு, எலுமிச்சைக் கேக்குகளைத் தட்டில் அடுக்கிக்கொண்டிருந்தாள். மார்லிஸ் கீழே, வெள்ளைச் சுவரில் நட்சத்திர வடிவில் துணித்துண்டுகளை வைத்துக்கொண்டிருந்தாள். ஜன்னல்கள் தரைமட்டத்தில் இருந்ததால் பனி அவற்றை மூடி, பகல் வெளிச்சம் பால்போல வடிந்து வந்தது. அடி வரிசைத் துண்டுகள் மட்டும் நிற்கவில்லை. வைக்க வைக்க உதிர்ந்தன. குனிந்து பொறுக்கினாள். துண்டுகள் நனைந்திருந்தன.

டக்.

கால் தானாக மெஷின் பக்கம் போனது. மிதியை அழுத்தினால் போதும். சத்தத்தில் எல்லாம் முங்கிவிடும்.

டக். டக்.

இல்லை. இந்த முறை இல்லை. மார்லிஸ் சுவர் முன்னால் மண்டியிட்டாள். முழங்காலுக்குக் கீழே புத்தம்புது மரச்சுருள்கள் நசுங்கின.

"ஓரின். வந்துட்டேன். கேக்குதா? நான் வந்துட்டேன்."

தட்டல் நின்றது.

இத்தனை நேரமும் அது காத்திருந்தது இதற்குத்தான் என்பதுபோல் வீடே அடங்கியது. பிறகு, தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில், குழாயோரம் கன்னம் வைத்துக் கிடக்கிறவனின் முகம் இருக்கும் உயரத்தில், வெள்ளைத் துணி உள்ளே இழுபட்டது. பின்னால் கெட்டிப் பலகை இருந்தும் இழுபட்டது. வெளியே புடைத்தது. மறுபடி இழுபட்டது. ஈரம் படரப் படரத் துணி மெலிந்து, அதன் வழியே மேல் உதடு தெரிந்தது. கீழ் உதடு. ஒரு ஓரம் மட்டும் கீழே வழிந்து.

"மன்னிச்சுடு," என்றாள். "மன்னிச்சுடு, மன்னிச்சுடு."

உதடுகள் குவிந்தன. பிரிந்தன. குவிந்தன. ஒரு வார்த்தையைத் தேடின.

மேலே வாசற்கதவு திறந்தது. பூட்ஸுகளின் பனியைத் தட்டும் சத்தம், சிரிப்பு, ஆர்டிஸின் குரல். "எங்கடி அந்த மகாராணி? கீழேயா? இரு ஜனெல், நாங்களே இறங்கிப் போறோம்!"

"கே..." என்றது சுவர்.

மார்லிஸ் அசையவில்லை.

"கேட்..."

படிக்கட்டில் காலடிகள். முன்னால் ஜனெல்.

"கேட்டுது... உனக்கு..."

அவள் பக்கத்தில் கிடந்த, போர்வைக்குள் வைத்துத் தைக்கிற பஞ்சு விரிப்பை இழுத்தாள். மடித்தாள். வாய்மேல் வைத்து இரண்டு உள்ளங்கைகளாலும் அழுத்தினாள். உடம்பின் முழு பாரத்தையும் போட்டு. அடியில் சூடு. ஈரம். ஏதோ கையைக் கடிக்கப் பார்த்தது. பலகைக்குப் பின்னால் குழாய் பதறி அடித்துக்கொண்டது. டக் டக் டக் டக். அழுத்தினாள். மெதுவானது. இழுத்தது. டக். அழுத்தினாள்.

நின்றுவிட்டது.

"அம்மா? கீழ என்ன பண்ற?"

"பஞ்சு... பஞ்சு விழுந்துடுச்சு," என்றாள் மார்லிஸ். எழுந்து நின்றாள். கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள். விரல் நுனிகளிலிருந்து சொட்டியது.

பெண்கள் அறைக்குள் பரவினார்கள். அலமாரியைத் தொட்டார்கள், விளக்குகளை வியந்தார்கள். நட்சத்திரத்தின் நீலம் எந்தக் கடைத் துணி என்று கேட்டார்கள். என்ன வெளிச்சம், என்ன அமைதி, ஒரு சத்தம் இல்லையே என்றாள் ஆர்டிஸ். ஜனெல் காப்பித் தட்டை நீட்டினாள்.

மார்லிஸ் மட்டும் கீழே பார்த்துக்கொண்டிருந்தாள். பஞ்சு விரிப்பு மெல்லச் சரிந்து அவள் காலடியில் விழுந்தது. அது இருந்த இடத்தில் வெள்ளைத் துணி உள்நோக்கிக் குழிந்து, அப்படியே, வெளியே வராமல் நின்றிருந்தது. முழுசாகத் திறந்த வாய். துணிக்கு அடியில் பற்களின் வரிசை. அதற்குச் சற்று மேலே, ஈரத்தில் ஒட்டிய துணிக்குள்ளிருந்து இரண்டு கண்கள் இமைக்காமல், அவளைத் தாண்டி, காப்பி ஊற்றிக்கொண்டிருந்த மகளைப் பார்த்துக்கொண்டிருந்தன.