கதவுக்குள் ஊறியது

மூன்று நாளாகச் சொட்டு மழை இல்லை, வண்டி தகரக் கொட்டகைக்குள் பூட்டியபடியே நின்றது, ஆனாலும் பின்னிருக்கையின் இடப்பக்கக் கதவிலிருந்த ஸ்பீக்கரின் கூம்பு நனைந்து, நடுவில் எச்சில் மாதிரி ஏதோ மினுங்கிக்கொண்டிருந்தது. எராஸ்மோ துடைத்தான். துணியோடு நூல் நூலாக இழுத்துக்கொண்டு வந்தது. கருமம்.

கம்பெனிக்காரன் போட்டிருந்த காகித ஸ்பீக்கரைப் பிடுங்கி எறிந்துவிட்டு எட்டங்குல ஸ்பீக்கரும், சத்தத்தைப் பெருக்கத் தனி ஆம்பும் மாட்டியது மகள் லிஸ்மெரிக்காக. ஏழு வயது. இடது காது பிறந்ததிலிருந்தே கேட்காது. கன்னத்தைக் கதவில் அழுத்திக்கொண்டால் பச்சாத்தா பாட்டின் அதிர்வு எலும்புக்குள் ஏறும், சிரிப்பாள். அதற்காகத்தான், சான் கிறிஸ்தோபல் ஊரில் எல்லாரும் செய்வதுபோல, மொட்டைமாடி ஒழுகலுக்கு ஒட்டும் தார்ஷீட்டைக் கதவின் உட்புறம் முழுக்க ஒட்டினான். ஓர் ஓட்டை விடவில்லை.

முந்தாநாள் பாட்டே ஓடாத வண்டிக்குள் அவள் கதவில் சாய்ந்து சிரித்துக்கொண்டிருந்ததைப் பார்த்தான். அது அவனுக்குப் பிடிக்கவில்லை.

பக்கத்துப் பட்டறை செலோ வந்ததும் மூக்கைப் பொத்திக்கொண்டான்.

"என்னடா, பொணம் கிணம் ஒளிச்சு வெச்சிருக்கியா?"

"தேடிப் பாத்துட்டேன். செத்த எலிகூட இல்ல."

செலோ கதவைத் திறந்து அடிவிளிம்பைத் தடவினான். "தண்ணி வடியுற ஓட்டையையுமா அடைச்ச? அறிவிருக்கா? கண்ணாடி வழியா எறங்குன மழத்தண்ணி பூரா உள்ளயே கெடந்து ஊறுது."

"காத்து ஒழுகினா பாஸ் அதிர்வு செத்துரும்ல."

"உன் பாஸ்ல தீய வெக்க. மொதல்ல குத்தி விடு, எனக்குக் கொமட்டுது."

அவன் போய்விட்டான். உச்சிவெயிலில் தகரம் படபடத்தது. நாலு நாள் மூடிவைத்த கருவாட்டுச் சட்டியில் புளித்த பாலை ஊற்றியதுபோல் ஒரு நாற்றம் தொண்டைக்குள் இறங்கி அங்கேயே உட்கார்ந்துகொண்டது. வீட்டுக்குள் லிஸ்மெரி சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். வண்டிப் பக்கம் வரக்கூடாது என்று சொல்லியிருந்தான். பாட்டரி வயரைக் கழற்றினான். ஆம்பின் விளக்கு அணைந்தது.

கூம்பு அசைந்தது.

உள்ளே. வெளியே. மெதுவாக. நாக்கைச் சப்புக்கொட்டுவதுபோல் ஒரு சத்தம்.

விரலை வைத்துப் பார்த்தான். வெதுவெதுப்பு. வாயின் உட்கன்னத்தைத் தொட்டதுபோல் குழைந்தது. கையை உதறிவிட்டு, ஸ்க்ரூடிரைவரால் கதவின் அடித்துளையைக் குத்தினான். கலங்கிய தண்ணீர் கொஞ்சம் வந்தது. பிறகு வெள்ளையாக, கெட்டியாக, பாலாடைபோல் மடிந்து மடிந்து அவன் மணிக்கட்டில் விழுந்து வழிந்தது. அதில் குட்டை முடிகள்.

கதவைக் காலால் உதைத்துச் சாத்திவிட்டுக் கொல்லைக்கு ஓடினான். பீப்பாய் ஓரமாக வாந்தி எடுத்தான். மூன்று முறை சோப்புப் போட்டான். நாற்றம் போகவில்லை.

திரும்பி வந்தபோது வண்டியின் மறுபக்கக் கதவு திறந்திருந்தது.

லிஸ்மெரி இருக்கையில் சாய்ந்து, இடது காதைக் கூம்பில் வைத்திருந்தாள். நல்ல காதைக் கையால் இறுகப் பொத்தியிருந்தாள்.

"லிஸ்மெரி," என்றான் மெல்ல.

"கேக்குதுப்பா," என்றாள் அவள். "இந்தக் காதுலயே கேக்குது."

பாய்ந்து உள்ளே போய் அவள் தோளைப் பிடித்து இழுத்தான். தலை கூம்பை விட்டு ஒரு சாண் விலகியது. காதிலிருந்து கூம்புவரை சுண்டுவிரல் தடிமனில் ஒரு வெள்ளை இழை. விறைத்து நின்றது. அறவில்லை.

இழைக்குள் சின்னச் சின்ன உருண்டைகள். கதவிலிருந்து. அவள் காதை நோக்கி. ஒவ்வொன்றாக.

"இழுக்காதப்பா," என்றாள், கண்ணை மூடிச் சிரித்தபடி. "இன்னும் முழுசா உள்ள வரல."