மூன்றாவது கூப்பாடு

மதலேனம்மாள் அன்று மகளையும் கூட்டிக்கொண்டுதான் கோர்ட்டுக்கு வந்தாள். விட்டு வர வீட்டில் ஆள் இல்லை. தவிர, அன்று விசாரணைக்கு வரும் வழக்குகளில் ஒன்று அவளுடையது.

பாலக்காட்டுக்குக் கிழக்கே, கணவாய்க் காற்று ஓயாமல் வீசும் வயல்வெளியின் கரையில் இருந்தது அந்தக் கோர்ட்டு. பின்கட்டில் ரிக்கார்டு அறை. கணவன் இறந்தபின் சூரியநெல்லித் தோட்டத்திலிருந்து இறங்கி வந்தவளுக்கு, அங்கே பழைய ஆவணக் கட்டுகளுக்கு நகல் எழுதும் தற்காலிக வேலை கிடைத்திருந்தது. மாமனார் சூசையப்பன் தோட்டத்தில் கங்காணி. பேத்தி கத்தரீனாளைத் தன்னிடம் ஒப்படைக்க வேண்டும் என்று அவர் மனுப் போட்டிருந்தார். வெள்ளை வேட்டியும் குடையுமாக முன்வாசல் பெஞ்சில் காலையிலேயே வந்து உட்கார்ந்திருந்தார். குழந்தை கும்பிட்டது. அவர் மருமகளைப் பார்க்கவில்லை.

"பயப்படாதீங்க அம்மணி," என்றார் ரிக்கார்டு குமாஸ்தா குப்பண்ணன். "டவாலி மொய்தீன் தாழ்வாரத்துல நின்னு மூணு வாட்டி கூப்புடுவாரு. மூணாவதுக்குள்ள 'இருக்கேன்'னு சத்தங் குடுத்துட்டுப் படியேறிருங்க. இந்தக் கட்டடத்துக்குள்ளயே இருந்துட்டு உங்களுக்குக் கேக்கலைன்னா ஊரு சிரிக்குமுங்க."

அவளும் சிரித்தாள். உள்ளங்கையைச் சேலையில் துடைத்துக்கொண்டாள்.

பரம்பரை நிலவுடைமைக்காரர்களான ஒரு ஜன்மிக் குடும்பத்துக்கு நில எல்லை தெரிய நகல் வேண்டுமாம். கம்பெனிக் காலத்துக் கட்டொன்றை அவள் முன் வைத்துவிட்டுக் கிளம்பியவர், கதவருகே திரும்பினார்.

"பழைய கட்டுல இருக்கற பேரை மட்டும் வாய் விட்டுப் படிச்சுறாதீங்க. இந்த ரூம்புப் பழக்கம் அது."

"ஏன் அண்ணே?"

"நானும் கேட்டதில்லீங்க."

நூலை அவிழ்த்தாள். வயல்கள், பலாமரங்கள், ஒரு ஜோடி எருது. எருதுக்கு அடுத்த வரியில் சக்கி என்ற அடிமைப் பெண். நிலத்தோடு அவளையும் விற்றிருந்தார்கள். அவளுடைய பால்குடி மறவாத மகள் தேயியை மட்டும் வேறொருவருக்குத் தனியாக விற்றிருந்தார்கள். யாரோ இரக்கப்பட்டு எழுதிக் கொடுத்த சக்கியின் மனு அடுத்த தாளில் இருந்தது. பிள்ளையைத் திருப்பித் தர வேண்டும் என்பதைத் தவிர அதில் வேறொன்றும் இல்லை.

அதன்கீழ் தீர்ப்பு. மூன்று முறை அழைத்தும் வாதி வரவில்லை. எல்லைப் பனைகளுக்கு அப்பால் நின்று ஒரு பெண் கத்தினாள். அவள் சாதிக்குப் பனைகளைத் தாண்டி வர அனுமதியில்லை. கத்தியவள் யாரென்று இங்கிருந்து அறியக்கூடவில்லை. மனு தள்ளப்பட்டது. குழந்தை வாங்கியவரைச் சேரும்.

மதலேனம்மாள் அதை அழகாக நகல் எழுதினாள். எழுதும்போது தன்னுள் பரவியது இரக்கமல்ல, ஒருவித நிம்மதி என்பதைக் கவனித்தாள். இங்கே நடக்க வேண்டிய கொடுமை ஏற்கெனவே ஒருத்திக்கு நடந்து முடிந்துவிட்டது. இனி இன்னொருத்திக்கு ஏன் நடக்கப்போகிறது? அப்படி நினைத்ததற்கு வெட்கப்பட்டாள். ஆனாலும் அந்த நிம்மதி இதமாகவே இருந்தது.

"எம்மா, நான் மொய்தீன் தாத்தாவாம். பேரு சொல்லு, கூப்புடுதேன்." கத்தரீனாள் ஜன்னல் திண்டில் ஏறி நின்றிருந்தாள். முன்வாசல் கூப்பாடுகளைக் காலையிலிருந்து கேட்டுக்கொண்டிருந்த குழந்தை.

"சும்மா இரிட்டி."

"ஒரே ஒரு பேரு!"

கண் தாளில் இருந்தது. யோசிக்காமல் சொன்னாள்.

"சக்கி."

குழந்தை மொய்தீனைப் போலவே தாடையைத் தூக்கிக்கொண்டு வயலைப் பார்த்துக் கூவியது. "சக்கீ... ஆஜருண்டா?"

அந்த நீட்டலைக் கேட்டு மதலேனம்மாளுக்குச் சிரிப்பு வந்தது.

"சக்கீ... ஆஜருண்டா?"

பழைய பேரை வாய் விட்டுப் படிக்கக் கூடாதென்று குப்பண்ணன் சொன்னது நினைவுக்கு வந்தது. எழுந்தாள். நாற்காலியில் முந்தானை சிக்கியது.

"சக்கீ... ஆஜருண்டா?"

காற்று நின்றது.

வயலுக்கு அப்பால், பனைகளின் அடியிலிருந்து, ஒரு பெண்குரல் வந்தது.

"இருக்கேன்."

சேற்று வாடை அறைக்குள் நுழைந்தது. அதனுள் இன்னொரு வாடையும் இருந்தது. கட்டிப்போய்ப் புளித்த தாய்ப்பால்.

"அம்மா வாசம்," என்றாள் கத்தரீனாள், தாயைப் பார்க்காமல்.

அதே நேரம் முன்வாசலில் மொய்தீனின் குரல் எழுந்தது. "மதலேனம்மாள்... ஆஜருண்டா?"

"இருக்கேன்!" என்று கத்திக்கொண்டே கதவை நோக்கி ஓடினாள். காலடியில் சிமெண்ட் இல்லை. ஈரமண். நிமிர்ந்தபோது அவள் வயல்வரப்பில் நின்றிருந்தாள். முன்னே வரிசையாகப் பனைகள். அவற்றுக்கு அப்பால், உள்ளங்கை அளவில், கோர்ட்டு.

"மதலேனம்மாள்... ஆஜருண்டா?"

ஓடப் பார்த்தாள். பனை வரிசைவரை கால் வந்தது. அதற்கு மேல் வரவில்லை. எதுவும் அவளைப் பிடித்திருக்கவில்லை. கால் தானாகவே நின்றது, பிறந்ததிலிருந்து பழகிய கால் போல.

"இருக்கேன்! இங்க இருக்கேன்!"

தாழ்வாரத்தில் மொய்தீன் கையை நெற்றியில் வைத்து வயல் பக்கம் பார்த்தார். பிறகு திரும்பிக்கொண்டார்.

"மதலேனம்மாள்... ஆஜருண்டா?"

ரிக்கார்டு அறையிலிருந்து ஒரு பெண் வெளியே வந்தாள். மதலேனம்மாளின் நீலச் சேலை. மதலேனம்மாளின் நடை. இடுப்பில் கத்தரீனாள். அவள் கால் வைத்த படிகளில் ஈரம் கறுத்தது.

மதலேனம்மாள் கத்தினாள். தொண்டை கிழியும்வரை கத்தினாள். எல்லைப் பனைகளுக்கு அப்பால் நின்று ஒரு பெண் கத்தினாள் என்று தன் கையால் எழுதிய வரி நினைவுக்கு வந்தது. அதில் மை இன்னும் உலர்ந்திருக்காது.

விசாரணை அதிக நேரம் நடக்கவில்லை. முதலில் சூசையப்பன் வெளியே வந்தார். குடையை விரிக்க மறந்து வெயிலில் நடந்தார். பின்னால் குப்பண்ணனின் குரல் காற்றில் தெளிவாக வந்தது. அங்கிருந்து இங்கே எல்லாமே கேட்டது.

"செயிச்சுட்டீங்க அம்மணி! தாய் ஆஜர், கொழந்தை தாய்கிட்டயேன்னு ஜட்ஜய்யா ஒரே வரில முடிச்சுட்டாரு. என்னுங்க, கையெல்லாம் இப்படிச் சில்லுன்னு இருக்குது?"

அவள் குழந்தையை இன்னும் இறுக்கிக்கொண்டு படியிறங்கி, வண்டிப்பாதையில் நடந்தாள்.

தோளுக்கு மேலாகக் கத்தரீனாள் வயலைப் பார்த்தாள். பனையடியில் நிற்பவளைப் பார்த்தாள். குழந்தையின் முகம் மெல்ல மாறியது. தாடையைத் தூக்கினாள்.

"மதலேனம்மாள்... ஆஜருண்டா?"

மதலேனம்மாளின் வலது கால் பனையைத் தாண்டியது.

"மதலேனம்மாள்... ஆஜருண்டா?"

இடது காலும்.

கூப்பிடு மோளே, இன்னொரு தடவை, ஒரே தடவை என்று மனதுக்குள் கெஞ்சினாள்.

குழந்தை வாயைத் திறந்தது. சேறு படிந்த விரல்கள் மெதுவாக, ஆசையாக, அந்த வாயைப் பொத்தின.

பாதை வளைவில் இருவரும் மறைந்தார்கள்.

அந்தக் கோர்ட்டில் அதற்குப் பிறகு யாரை மூன்றாம் முறை கூப்பிட்டாலும், வயலிலிருந்து ஒரு பெண் முந்திக்கொண்டு பதில் சொல்கிறாள். மொய்தீன் ஒவ்வொரு முறையும் நெற்றியில் கை வைத்துப் பார்க்கிறார். யாரென்று இங்கிருந்து தெரிவதில்லை.