உட்புறம் திரும்பிய பூட்டு

பூட்டு திரும்பித் தொங்கிக்கொண்டிருந்தது. சாவித் துளை வெளியே பார்க்காமல் கதவைப் பார்த்திருந்தது. ஊருக்குக் கிளம்பும் அவசரத்தில் கெமுந்தோ அப்படிப் பூட்டியிருப்பாள் என்று நெகேசா நினைத்தாள். அந்த அறைத்தோழி எதையும் ஒழுங்காகச் செய்து அவள் பார்த்ததில்லை.

கக்காமெகாவில் மழைக்காலம் வந்துவிட்டால் பிற்பகல் மழை தவறாது. அன்றும் கல்லூரியிலிருந்து வரும் வழியிலேயே பிடித்துக்கொண்டது. மின்சாரமும் வழக்கம்போல் மழையின் கூடவே போய்விட்டது. வரிசை அறைகள் எதிலும் விளக்கில்லை. எதிர்த் தாழ்வாரத்தில் ரோடா அக்கா மட்டும் லாந்தர் வெளிச்சத்தில் சப்பாத்தி சுட்டுக்கொண்டிருந்தாள். கல்லில் கருகும் மாவு மணமும் சாக்கடை நாற்றமும் ஒன்றாகக் கலந்து வந்தன. தகரக் கூரைமேல் மழை கொட்டிய சத்தத்தில் பக்கத்தில் நின்று பேசினால்தான் காதில் விழும்.

அந்தப் பக்கத்து இரும்புக் கதவுகள் எல்லாவற்றையும் போல இதிலும் தாழ்ப்பாளை ஒட்டி ஒரு கை நுழையும் அளவுக்கு ஓட்டை உண்டு. வெளியே நின்று உட்பக்கத்தையும் உள்ளே நின்று வெளிப்பக்கத்தையும் பூட்டலாம். நெகேசா உள்ளே வந்து உட்பக்கம் பூட்டினாள். வலது கட்டைவிரலில் மாவுக்கட்டு. அதனால் தடுமாறித்தான் பூட்ட முடிந்தது. இழுத்துப் பார்த்தாள். மறுபடியும் இழுத்துப் பார்த்தாள். சாவியை மேசைமேல் வைத்தாள்.

காதலன் வாஞ்சலாவை விட்டு விலகியதிலிருந்து இப்படித்தான். வகுப்புப் பையன் ஒருவன் பாடக்குறிப்பு கேட்டுச் செய்தி அனுப்பினான். அவள் ‘சரி’ என்று பதில் போட்டாள். அந்த ஒரு சொல்லைத் தட்டிய கட்டைவிரலை வாஞ்சலா பின்னால் வளைத்தான். ஒடியும்வரை வளைத்தான். பிறகு தேம்பித் தேம்பி அழுதுகொண்டே அவனேதான் மோட்டார் சைக்கிளில் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனான். “கோவம் வந்தா எனக்குக் கண்ணு தெரியல நெகே. நீ ஏன் எனக்குக் கோவம் வர வைக்கிற?” என்றான். கட்டுப்போட்ட நர்ஸ் அவனைப் பார்த்து உருகிவிட்டாள்.

அவனைப் பார்த்து உருகாதவர் அந்த வளவில் யார்? எல்லோருக்கும் அவன் ‘ஷெமேஜி’. மச்சான் என்று அர்த்தம். ஒரு பெண்ணின் காதலன் அவள் தோழிகளுக்கெல்லாம் ஷெமேஜிதான். ஷெமேஜியை வாசலில் நிறுத்துவது மரியாதையில்லையாம். நல்ல மரியாதை. அன்று அவள் அலறியபோது பக்கத்து அறையில் ரேடியோவைச் சத்தமாக வைத்ததும் அதே மரியாதைதான்.

ஈரக் காலணியைக் கழற்றக் குனிந்தபோது, சுவரில் ஊன்றப்போன கை மண்ணெண்ணெய் அடுப்பில் பட்டது. சுட்டது.

காலையிலிருந்து அடுப்பு மூட்டவில்லை. கெமுந்தோ போனது மதியத்துக்கு முன்பு.

போன் அடித்தது. கெமுந்தோ. பின்னால் பஸ்ஸின் இரைச்சல்.

“என்னடி, சமாதானம் ஆயிட்டீங்களா?”

“யாரோட?”

“நடிக்காத. ஷெமேஜி பஸ் ஸ்டாண்டுக்கே வந்தாரு. உன் கால்ல விழணும், சமைச்சு வச்சு உன்ன அசத்தணும்னாரு. பாக்கப் பாவமா இருந்துச்சு, என் சாவியக் குடுத்துட்டேன். உங்கிட்ட சொல்லக் கூடாதுன்னாரு. என் வாய் எங்க நிக்குது?”

நெகேசா கதவைத் திரும்பிப் பார்த்தாள். திரும்பித் தொங்கிய பூட்டு கண்முன் வந்தது. வெளியே நின்றவர் பூட்டியதல்ல அது. உள்ளேயிருந்து ஒரு கை ஓட்டை வழியாக வெளியே போய்ப் பூட்டியது.

கட்டிலை மறைக்கும் திரை. காலையில் ஒதுக்கிக் கட்டியிருந்தாள். இப்போது மூடிக் கிடந்தது. அசையவில்லை.

அதிலிருந்து கண்ணை எடுக்காமல் மேசையைத் தடவினாள். தண்ணீர்க் குவளை. தீப்பெட்டி. மரம். வெறும் மரம்.

சாவி இல்லை.

“போன்ல யாரு நெகே?” குரல் அவள் பிடரியருகே கேட்டது. மெதுவான, அன்பான குரல். “அந்தப் பையனா?”

போன் கைநழுவ, கதவில் மோதி விழுந்தாள். ஓட்டைக்குள் கையை விட்டாள். தோள்வரை விட்டு, மழைக்குள் நீட்டி, அலறினாள். லாந்தர் அசைந்தது. எழுந்தது. குடைமேல் மழை தட்டும் சத்தம் நெருங்கி வந்தது. மாவு ஒட்டிய வெதுவெதுப்பான விரல்கள் அவள் கையைப் பற்றின. நெகேசா அந்தக் கையை விடாமல் பிடித்துக்கொண்டாள். அதற்குள் அவள் வாயைப் பின்னாலிருந்து ஒரு உள்ளங்கை மூடிவிட்டது.

“என்னடி கூத்து இது?” என்றாள் ரோடா அக்கா.

“ஒண்ணுமில்லக்கா.” வாஞ்சலா சிரித்தான். “கோவிச்சுக்கிட்டு வெளிய போறேங்குறா.”

“ஆம்பளப் புள்ள எறங்கி வந்திருக்கான், உனக்கு இன்னும் வீம்பு. அடிக்கிற கைதான்டி அணைக்கும்.” ரோடா அக்கா நெகேசாவின் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தாள். புறங்கையைச் செல்லமாகத் தட்டினாள். நனைகிற குழந்தையைக் கூரைக்குள் தள்ளுவதுபோல அந்தக் கையை ஓட்டைக்குள்ளே தள்ளிவிட்டாள். பின்னாலேயே ஒரு காகிதப் பொட்டலமும் நுழைந்தது. “சூடா இருக்கு ஷெமேஜி. ரெண்டு பேரும் சாப்புடுங்க.”

“ரொம்ப நன்றிக்கா.”

குடைச் சத்தம் விலகியது. முழங்கையால் நெகேசாவின் கழுத்தைக் கதவோடு அழுத்தியபடி வாஞ்சலா காத்திருந்தான். ஓட்டையில் வட்டமாக, மஞ்சளாக, லாந்தர் வெளிச்சம் தெரிந்தது. கொடியில் கிடந்த அவளுடைய ஸ்வெட்டரை இழுத்தான். நிதானமாகச் சுருட்டினான். ஓட்டையில் வைத்து அடைத்தான்.