ஒரு கைக்கு மட்டும்

மோதிரம் காணோம் என்பதை முதலில் பார்த்தவர் மகள். தீவிர சிகிச்சைப் பிரிவில் அம்மாவின் இடது கையை எடுத்துக் கன்னத்தில் வைத்துக்கொண்டவர், கையை மெதுவாக இறக்கி உற்றுப் பார்த்தார். மோதிர விரலின் அடியில் ஒரு பள்ளம் மட்டும் இருந்தது. பல வருஷம் மோதிரம் உட்கார்ந்திருந்த இடம் வெளுத்துப் போயிருந்தது.

வெளியே பெஞ்சில் தம்பி தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அம்மாவோடு ஒரே வீட்டில் இருப்பவர் அவர்தான். பக்கவாதம் வந்து அம்மா சோபாவில் சாய்ந்தபோது பக்கத்தில் இருந்தவரும் அவர்தான்.

"அம்மா மோதிரம் எங்கடா?"

"வண்டியில ஏத்தும்போது இருந்துச்சே அக்கா. நான் பாத்தேனே."

"அப்ப எங்க போச்சு? றெக்கை முளைச்சுப் பறந்துடுச்சா?"

"ஆம்புலன்ஸ்காரங்களைத்தான் கேக்கணும். அதுல ஒரு புதுப் பொண்ணு, அம்மா கையைப் பிடிச்சு என்னமோ பண்ணிக்கிட்டே இருந்துச்சு."

அவ்வளவுதான். ஒருத்தியின் தலையில் கல்லைத் தூக்கிப் போட அதற்கு மேல் என்ன வேண்டும்? அக்கா நேராகப் போலீசுக்குப் போனார். அவர் மேல் தப்பில்லை. தம்பி சொன்னதை நம்பினார்.

அன்று மதியமே சப்-இன்ஸ்பெக்டர் ஆம்புலன்ஸ் நிலையத்துக்கு வந்துவிட்டார். பெண் அதிகாரி. பேச்சு கம்மி, பார்வை ஜாஸ்தி. குற்றவாளி வாயைத் திறப்பதற்கு முன்னாலேயே முகத்தைப் படித்துவிடுவார் என்று அவருக்கு ஒரு பெயர் உண்டு. அந்தப் பெயர்தான் இந்தக் கதையில் அவரைக் கவிழ்த்தது.

தம்பி சொன்ன அந்தப் பெண்ணை ஆம்புலன்ஸ் நிலையத்தில் எல்லோரும் 'புதுசு' என்றுதான் கூப்பிடுவார்கள். வேலையில் சேர்ந்து மூன்றாவது வாரம். ஸ்ட்ரெச்சரின் காலை மடக்கத் தெரியாமல் தன் விரலையே நசுக்கிக்கொண்டவள். ஒருநாள் வண்டியின் ஒலிபெருக்கி ஓடுவது தெரியாமல் "ஐயோ கடவுளே, நீதான் காப்பாத்தணும்" என்று முணுமுணுக்க, அது தெரு முழுக்கக் கேட்டது. அதிலிருந்து அவள் உள்ளே வந்தாலே யாராவது ஒருவர் "கடவுளே" என்பார். மற்றவர்கள் சிரிப்பார்கள். அவளும் கூடச் சிரித்து வைப்பாள். வீட்டில் சம்பாதிப்பவள் அவள் ஒருத்திதான். பயிற்சிக் காலத்தில் ஒரே ஒரு புகார் வந்தாலும் வேலை போய்விடும்.

சோதனை மூன்று பேருக்கும் நடந்தது. டிரைவரின் சட்டைப்பையைத் தட்டிப் பார்த்தார்கள். அவளோடு வண்டியின் பின்பக்கம் இருந்த சீனியர் டெக்னீஷியனின் பையைத் திறந்து மூடினார்கள். அவளுடைய பையை மட்டும் சாப்பாட்டு மேசை மேல் கவிழ்த்துக் கொட்டினார்கள். டிபன் பாக்ஸ், சீப்பு, மாற்றுச் சாக்ஸ், முதலுதவிப் புத்தகம் விழுந்தன. கடைசியாக, எந்தப் பெண்ணும் நாலு ஆண்களுக்கு முன்னால் வெளியே எடுக்க விரும்பாத ஒரு பொட்டலமும் விழுந்தது. டிரைவர் சுவரைப் பார்த்தார். அவள் கூனிக் குறுகி நின்றாள். நாக்கைப் பிடுங்கிக்கொண்டு செத்துப்போகலாம் போலிருந்தது அவளுக்கு.

மோதிரம் கிடைக்கவில்லை.

"அந்தம்மா கையைத் தொட்டது யாரு?" என்று சப்-இன்ஸ்பெக்டர் ஆரம்பித்தார்.

"நான்தான் மேடம்."

"எந்தக் கை?"

"இடது கை. விரல்ல கிளிப் மாட்டணும். ரத்தத்துல ஆக்சிஜன் எவ்வளவு இருக்குன்னு அது காட்டும்."

"மோதிரம் இருந்துச்சா?"

"கவனிக்கல மேடம்."

"கையைப் பிடிச்சுக்கிட்டே இருந்திருக்க. மோதிரத்தைக் கவனிக்கலையா?"

அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"கிளிப்பை எத்தனை தடவை மாட்டின?"

அவள் முகம் சுண்டிப்போனது. "ஒரே தடவை."

சப்-இன்ஸ்பெக்டர் அவளை வெளியே அனுப்பிவிட்டு சீனியரைக் கூப்பிட்டார்.

"ஒரே தடவையா? யார் சொன்னது?" என்றார் சீனியர். "நாலஞ்சு தடவை வழுக்கி விழுந்துச்சு மேடம். கையில எண்ணெய் தடவிக்கிட்டு வேலைக்கு வந்தியான்னு நான்கூடக் கிண்டல் பண்ணேன். வலது கையில பிரஷர் பட்டை கட்டியிருந்தோம், அதனாலதான் கிளிப்புக்கு இடது கை. அப்புறம் பட்டையைக் கழட்டிட்டு, வலது கையில மாட்டச் சொன்னேன். டக்குனு நின்னுடுச்சு."

பொய். கேட்டது ஒரு சின்னக் கேள்வி, அதற்கே பொய் சொல்லியிருக்கிறாள். சப்-இன்ஸ்பெக்டர் முடிவு கட்டிவிட்டார். அவளை வண்டியில் ஏற்றக் கூடாது என்று நிலையப் பொறுப்பாளரிடம் சொன்னார். அவள் வீட்டுக்கும் ஆள் அனுப்பித் தேடச் சொன்னார். அக்கம்பக்கத்தார் வாசலில் நின்று வேடிக்கை பார்த்தார்கள்.

முறைக்காக அந்தம்மாவின் வீட்டையும் ஒரு தடவை பார்த்தார். மகன் கதவைத் திறந்துவிட்டார். அம்மா சாய்ந்த சோபா. அதன் கைப்பிடியில் ஈரத் துண்டு. தரையில் ஒரு குவளைத் தண்ணீர். டிவி பக்கத்தில், பாத்திரம் தேய்க்கும் சோப்புத் திரவ பாட்டில், மூடி திறந்தபடி.

"தண்ணி எதுக்கு?"

"மூஞ்சில தெளிச்சுப் பாத்தேன் மேடம். அம்மா முழிக்குமான்னு."

குரல் உடைந்தது. சப்-இன்ஸ்பெக்டர் மேற்கொண்டு கேட்காமல் வந்துவிட்டார். அழுகிற மகனிடம் யார் என்ன கேட்பது? பார்க்க வேண்டியதையெல்லாம் பார்த்துவிட்டார், ஆனால் யோசிக்கவில்லை. மனசு முழுக்க அந்தப் பெண் சொன்ன பொய்தான் இருந்தது.

மறுநாள் காலை, பொய்க்குக் காரணத்தை அவள் வாயிலிருந்தே பிடுங்கிவிடலாம் என்று மறுபடி நிலையத்துக்குப் போனார். வண்டியில் போகக் கூடாதவள் என்பதால் அவளை வண்டி கழுவ விட்டிருந்தார்கள். சீனியர் பக்கத்தில் நின்று ஆக்சிஜன் சிலிண்டரைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார். இன்று யாரும் "கடவுளே" என்று சொல்லவில்லை.

"ஒரே தடவைன்னு ஏன் பொய் சொன்ன?"

துடைப்பத்தைப் பிடித்தபடி அவள் நின்றாள். "வெக்கமா இருந்துச்சு மேடம்."

"எதுக்கு வெக்கம்?"

"ஒரு கிளிப் மாட்டத் தெரியல எனக்கு. ஒரு உயிர் கையில கிடக்குது, நான் தடவிக்கிட்டு நிக்கிறேன். அந்தம்மாவுக்கு ஏதாவது ஆயிட்டா நான்தான் காரணம்னு தோணுச்சு. அதை எப்படி வாய்விட்டுச் சொல்றது?"

திருட்டு முழி என்று நேற்று தான் நினைத்தது, வெறும் வெட்கம். சப்-இன்ஸ்பெக்டர் வண்டிக்குள் இருந்த கிளிப்பை எடுத்து அவளிடம் கொடுத்தார். பிறகு விரலை நீட்டினார்.

"எனக்கு மாட்டு."

அவள் கையுறை போட்டுக்கொண்டு மாட்டினாள். முதல் தடவையே நின்றது. கழற்றி இன்னொரு விரலில் மாட்டச் சொன்னார். அதிலும் நின்றது.

"உன்னோட அதே கை. அதே கிளிப். இப்ப ஏன் வழுக்கல?"

"அவங்களுக்கு வேர்த்திருந்துச்சு மேடம். நிலைமை மோசமானா உடம்பு குப்புனு வேர்க்கும்னு சொல்லிக்கொடுத்திருக்காங்க. விரலெல்லாம் வழவழன்னு இருந்துச்சு."

"துடைச்சுப் பாக்கலையா?"

"துடைச்சேன். தேய்க்கத் தேய்க்க இன்னும் வழுக்குச்சு."

"நெத்தி வேர்த்திருந்துச்சா?"

அவள் யோசித்தாள். "இல்ல. காஞ்சுதான் இருந்துச்சு."

"வலது கை?"

"அதுவும் காஞ்சு…" அவள் பாதியில் நிறுத்தினாள்.

"ஒரு கைக்கு மட்டும் வேர்க்குமா?"

சீனியர் சிலிண்டரை விட்டுவிட்டு நிமிர்ந்தார்.

"அப்பவே எனக்குத் தோணுச்சு மேடம்" என்றாள் அவள், தரையைப் பார்த்தபடி. "இடது கை மட்டும் ஏன் இப்படி இருக்குன்னு. கேட்டா சிரிப்பாங்கன்னு வாயை மூடிக்கிட்டேன்."

சீனியரின் முகத்தில் ஈயாடவில்லை. பயிற்சிக்கு வந்தவள் வாயைத் திறக்கப் பயந்ததற்கு அவருடைய கிண்டலும் ஒரு காரணம். இது அவருக்கு அந்த நிமிஷம்தான் உறைத்தது.

"வாசனை ஏதாவது வந்துச்சா?"

"மாஸ்க் போட்டிருந்தேன் மேடம்."

சப்-இன்ஸ்பெக்டர் நெற்றியில் அடித்துக்கொண்டார். "ஏறு என் வண்டியில."

ஆஸ்பத்திரி வராந்தாவில் அக்காவும் தம்பியும் இருந்தார்கள். அந்தப் பெண்ணைக் கண்டதும் அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"உங்க அம்மா மோதிரம் சுலபமாக் கழலுமா?" என்று அக்காவிடம் கேட்டார் சப்-இன்ஸ்பெக்டர்.

"எங்க கழலும்? விரலோட இறுகிப்போயிருந்துச்சு. சோப்பு போட்டு இழுத்தாத்தான் வரும்."

"ஓடுற வண்டிக்குள்ள, உங்க தம்பியும் இன்னொருத்தரும் பாத்துக்கிட்டு இருக்கும்போது, இந்தப் பொண்ணு சோப்பு போட்டு இழுத்திருப்பாளா?"

அக்கா திரும்பி அந்தப் பெண்ணைப் பார்த்தார்.

"வண்டியில சோப்பே கிடையாது. ஆனா உங்க அம்மாவோட இடது கையில மட்டும் சோப்பு இருந்துச்சு. வேர்வைன்னு இவ நினைச்சுட்டா. இவங்க வேலை அப்படி, உடம்பு ஈரமா இருந்தா வேர்வைன்னுதான் தோணும். வேர்வைன்னா துடைச்சாப் போயிடும், துடைக்கத் துடைக்க வழுக்கினா அது சோப்பு. வண்டி வந்து சேரும்போதே கையில சோப்பு இருந்துச்சுன்னா, மோதிரம் வீட்டுலயே கழண்டாச்சு. வீட்டுல இருந்தது ஒரே ஒருத்தர். பாத்திரம் தேய்க்கிற சோப்புக்கு டிவி பக்கத்துல என்ன வேலை தம்பி?"

தம்பி எழுந்திருக்கப் பார்த்தார். மறுபடி உட்கார்ந்தார். சட்டைப்பையிலிருந்து மூக்குக்கண்ணாடிக் கூட்டை எடுத்துத் திறந்தார். கண்ணாடி துடைக்கும் துணிக்கு அடியில் மோதிரம் இருந்தது.

"டேய்…" என்றார் அக்கா.

"உனக்குத்தான்னு அம்மா சொல்லிக்கிட்டே இருக்கும். குளிப்பாட்டினது நானு. சோறு ஊட்டினது நானு. நீ எப்பவாவது வருவ, வந்தா உனக்கு மோதிரமா? ஆஸ்பத்திரியில கழட்டி உன் கையில கொடுத்துடுவாங்கன்னு பயந்துட்டேன். நீ கேட்டதும் வாயில வந்ததைச் சொல்லிட்டேன். இந்தப் பொண்ணு மேல எனக்கு ஒண்ணும் இல்ல."

அந்தப் பெண் நிமிர்ந்து பார்த்தாள். ஒண்ணும் இல்லையாம்.

சப்-இன்ஸ்பெக்டர் கேட்கத் தயங்கிய கேள்வியை அக்கா கேட்டார். "ஆம்புலன்ஸுக்குப் போன் பண்ணதுக்கு அப்புறமா கழட்டின? முன்னாடியா?"

தம்பி கண்ணாடிக் கூட்டை மூடினார், திறந்தார், மறுபடி மூடினார்.

"சொல்லுடா."

"முன்னாடி."

"அம்மா மயக்கத்துல இருந்துச்சா?"

"இல்ல. பேச்சுதான் வரல." அவர் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். "என்னையே பாத்துக்கிட்டு இருந்துச்சு அக்கா."

அக்கா மோதிரத்தைத் தொடவில்லை. அந்தப் பெண்ணின் பக்கம் திரும்பினார். கை கூப்பினார். அந்தப் பெண் பதறிப்போய் ஓர் அடி பின்னால் போனாள்.

திரும்பி வரும்போது சப்-இன்ஸ்பெக்டர் சொன்னார்: "மன்னிச்சுக்கம்மா."

"பரவாயில்ல மேடம்."

"பரவாயில்லன்னு சொல்லாத. தேடினது எல்லார் முன்னாடியும். மன்னிப்பு மட்டும் காருக்குள்ளயா?"

நிலையத்தில் எல்லோரையும் அதே சாப்பாட்டு மேசையைச் சுற்றி நிற்கச் சொன்னார். "இந்தப் பொண்ணு எதையும் எடுக்கல. அழுகிற ஆளை நம்பிட்டு, தலை குனிஞ்ச பொண்ணைச் சந்தேகப்பட்டது நான். தப்பு என்னோடது. இன்னைக்கே இவ வண்டியில ஏறணும்."

"என் தப்பும் இருக்கு" என்றார் சீனியர் மெதுவாக.

யாரும் கை தட்டவில்லை. தட்டுகிற விஷயமா அது? 'நீ திருடியில்லை' என்று நாலு பேர் முன்னால் சொல்லப்படுவதும் ஒரு மானக்கேடுதான். அவள் தரையைப் பார்த்தபடியே நின்றாள். எல்லோரும் கலைந்த பிறகுதான் வாயைத் திறந்தாள்.

"மேடம், ஒரு உதவி. எங்க அம்மாவுக்குப் போன் பண்ணி இதை நீங்களே சொல்றீங்களா?"

"நீ சொன்னா நம்ப மாட்டாங்களா?"

"நேத்து உங்க ஆளுங்க தேடிட்டுப் போனதுக்கப்புறம் அம்மா என்கிட்ட ஒரு வார்த்தை கேக்கல. நான் குளிச்சுட்டு வந்து பாக்கிறேன், என் பையில சாமானெல்லாம் இடம் மாறியிருந்துச்சு." குரல் நடுங்கியது. "அவங்களும் தேடிப் பாத்திருக்காங்க மேடம்."

சப்-இன்ஸ்பெக்டர் அவள் சொன்ன எண்ணைப் போட்டார். தான் யார் என்று சொன்னார். அடுத்த வார்த்தை பேசுவதற்குள் அந்தப் பக்கமிருந்து குரல் முந்திக்கொண்டது. போனை ஒட்டி நின்றவளுக்கும் அது நன்றாகக் கேட்டது.

"என் பொண்ணு எடுத்துட்டாளாம்மா?"

"இல்லம்மா" என்றார் சப்-இன்ஸ்பெக்டர். மறுபடி அழுத்திச் சொன்னார். "இல்ல. உங்க பொண்ணு எடுக்கல. நாங்கதான் தப்பாச் சந்தேகப்பட்டோம்."

அந்தப் பக்கம் அழுகை. அவகிட்ட கொடுங்க, அவகிட்ட கொடுங்க என்று அந்தத் தாய் கெஞ்சினாள். சப்-இன்ஸ்பெக்டர் போனை நீட்டினார்.

அதற்குள் கண்ட்ரோல் ரூமிலிருந்து அழைப்பு வந்து, டிரைவர் வண்டியைக் கிளப்பிவிட்டார். சீனியர் பின்கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு அவளைப் பார்த்தார். அவள் போனை வாங்கவில்லை.

"அப்புறம் பேசுறேன்னு சொல்லுங்க மேடம்" என்று சொல்லிவிட்டு ஓடிப்போய் வண்டியில் ஏறிக்கொண்டாள்.