கன்னக்குழி

பால் வாங்கப் போகும்போதே பூங்கோதை பார்த்துவிட்டாள். பதாகையில் தலைவரின் இடது கன்னத்துக் குழி நேற்றைவிட ஆழம் குறைந்திருந்தது.

"நேத்து சாயங்காலம் அவதான் நின்னிருக்கா," என்று முணுமுணுத்தாள். அவள் என்றால் ரெஜினா, முக்குத் தையல்கடைக்காரி.

முச்சந்தியில் இரண்டு மாடி உயரத்துக்கு நின்றது உயிர்ப்பதாகை. அதன் விளிம்பில் ஒரு பார்வைமானி இருந்தது. பார்க்கிறவர்களின் கண் எப்போது விரிகிறது, எப்போது ஈரமாகிறது என்று அது அளக்கும். தலைவரின் முகத்தை மயிரிழை அளவு மாற்றிப் பார்க்கும். கண்ணை உருக்கிய மாற்றத்தை வைத்துக்கொண்டு மற்றதைக் கழித்துவிடும். இப்படித்தான் தலைவர் ஒவ்வொரு தெருவிலும் அந்தத் தெருவுக்குப் பிடித்த முகமாகியிருந்தார்.

இந்தப் பதாகைக்குச் சாரம் கட்டியவன் பூங்கோதையின் கணவன் தணிகாசலம். மேல் மூங்கிலிலிருந்து விழுந்து இறந்தான். கட்சிக்காரர்கள் அதே பதாகையில் அவனுக்குக் கண்ணீர் அஞ்சலி போட்டார்கள். வழக்கம்போல மேலே தலைவர் பெரிதாக, கீழே செத்தவன் சிறிதாக. காரியம் முடியும்வரை பூங்கோதை அங்கேதான் நின்று அழுதாள். யாருக்காக அழுகிறாள் என்று கருவிக்குத் தெரியவில்லை. அஞ்சலியை எடுத்த பிறகும் வந்தாள், தலைவரைத் திட்டுவதற்கு. ஒருநாள் அவர் கன்னத்தில் தணிகாசலத்தின் குழி விழுந்திருந்தது. திட்ட வந்தவள் இருட்டும்வரை அதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

இப்போது பால் பாத்திரத்தோடு நேரே தையல்கடைக்குப் போனாள்.

"ஏண்டி, எங்க வீட்டுக்காரரு கன்னத்துல உனக்கு என்னடி வேல?"

"கன்னத்த யாருக்கா பாத்தா? நான் மூக்கப் பாக்குறேன். அது செத்துப்போன எங்க அண்ணன் ஆரோக்கியத்தோட மூக்கு. நீதான் அழுது அழுது அதச் சப்பையாக்கிட்டு இருக்க, உங்க ஆளு மூக்காட்டம்."

"சப்பையா? அந்த மனுஷன் மூக்க நீ எப்ப வந்து அளந்த?"

பதாகையைத் துடைத்துக்கொண்டிருந்த பராமரிப்புக்காரர் முபாரக் சிரித்துவிட்டார். "ஏங்கக்கா சண்ட? யாரு ரொம்ப நேரம் பாக்குறாங்களோ அவங்க பக்கம் முகம் சாயும். அவ்வளவுதான்."

அதை அவர் சொல்லியிருக்கக் கூடாது. ரெஜினா தையல் மெஷினை வீதிக்கே இழுத்துப் போட்டாள். பூங்கோதை அரிவாள்மணையோடு வந்து எதிரே உட்கார்ந்தாள். விஷயம் பரவியது. தாயை இழந்தவர்கள், பிள்ளையை இழந்தவர்கள் எல்லாம் நாற்காலி போட்டு உட்கார்ந்து, பக்கத்தில் இருப்பவரின் கண்ணை ஓரப்பார்வையால் வேவு பார்த்தார்கள். தலைமையகத்தின் கணக்கில் நாட்டிலேயே விசுவாசம் மிகுந்த தெரு அதுவானது.

பாராட்ட, தலைவரே நேரில் வந்தார்.

காரிலிருந்து இறங்கிப் பதாகைக்கு முன் நின்று கும்பிட்டார். ஒரு கைதட்டல் இல்லை.

"ஐயா, கொஞ்சம் தள்ளி நில்லுங்க. மறைக்குது," என்றாள் பூங்கோதை.

தலைவர் திரும்பிப் பார்த்தார். அவர் பெயருக்கு மேலே யாருடைய கன்னமோ, யாருடைய மூக்கோ இருந்தது. தெருவே அதை விழுங்குவதுபோலப் பார்த்தது. அப்படி ஒரு பார்வை வாழ்நாளில் அவர்மேல் விழுந்ததில்லை. தாடை இறுக, இமைக்காமல் அதையே பார்த்தார். அவ்வளவு ஏக்கத்தைப் பார்வைமானி அதுவரை அளந்ததே இல்லை.

முதலில் மூக்கு அவருடைய சொந்த மூக்காக மாறியது. பிறகு தாடை. கன்னக்குழி மெல்லத் தூர்ந்தது.

தணிகாசலம் விழுந்தபோது பூங்கோதை பக்கத்தில் இல்லை. இந்த முறை கண்ணெதிரே போய்க்கொண்டிருந்தான். காவலர்களைத் தள்ளிக்கொண்டு போய்த் தலைவருக்குப் பக்கத்தில் நின்றாள்.

"ரெஜினா! ஓடியாடி!"

ரெஜினா மூச்சிரைக்க வந்து நின்றாள். "நீ கன்னத்த விட்றாதக்கா. மூக்க நான் பாத்துக்குறேன்."

பின்னால் தெரு முழுவதும் திரண்டது. யாரும் இமைக்கவில்லை. கன்னத்தில் ஒரு நிழல் நடுங்கியது, கொஞ்சம் ஆழமானது. தலைவர் இன்னும் உறுத்துப் பார்த்தார். நிழல் மறைந்தது. பூங்கோதை கண்ணீரைத் துடைக்காமல் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

முபாரக்கின் கைக்கருவியில் எண்கள் ஏறிக்கொண்டே போயின. எட்டிப் பார்த்த தலைவரின் செயலாளர் பூரித்துப்போனார்.

'தலைவரை நேரில் கண்டு இமைக்க மறந்த மக்கள்' என்று அன்று மாலையே செய்தி வந்தது. மக்களின் அன்பில் தலைவரும் கண்கலங்கினார் என்று படத்துக்குக் கீழே போட்டிருந்தார்கள்.